நின்ற நேரத்துக்குக் கூலி

இரண்டாயிரத்து அறுநூற்று எண்பது ரூபாய். அந்த மாசி மாதத்தில் ஆவரேந்தல் பூமயில், உப்பள மேஸ்திரி பொன்னுச்சாமிக்குக் கொடுக்க வேண்டியிருந்த பணம் அது. அதில் ஒரு நோட்டைக்கூட அவள் கையால் தொட்டதில்லை. மேஸ்திரி மடியிலிருந்து எடுத்தது இராமநாதபுரத்தில் எலும்பு டாக்டரின் மேஜைக்கு நேராகப் போய்விட்டது.

பாம்பனில் ரோட்டுப் பாலம் திறந்து இரண்டு வருசம் ஆகியிருந்தது. பாலம் வந்த பிறகு இராமேஸ்வரத்தில் லாட்ஜுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பின. செங்கல் லாரியில் லோடு இறக்கப் போன அவள் புருசன் முனியசாமி, மண்டபம் தாண்டுவதற்குள் லாரி மேலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். லாரிக்காரர் ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். அதோடு சரி.

மழை பொய்த்த வருசம் வேறு. கண்மாயில் பாளம் வெடித்துக் கிடந்தது. மிளகாய்ச் செடி முழங்கால் உயரத்திலேயே கருகிப்போனது. ஊருக்குள் கடன் கேட்கப் போனால், கேட்பதற்கு முன்பே அவர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். பொன்னுச்சாமி ஒருவர்தான் முன்பணம் தர ஒத்துக்கொண்டார்.

"கடன் தீர்ற வரைக்கும் வேற வேலைக்குப் போகக் கூடாது. வாரம் முப்பது ரூபா பிடிச்சுக்குவேன். நடுவுல போகணும்னா மொத்தத்தையும் வச்சுட்டுத்தான் போகணும். சம்மதமா?"

பூமயில் தலையாட்டினாள். அந்த நேரத்தில் கடலுக்குள் இறங்கு என்று சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பாள்.

அளம் தேவிபட்டினத்துக்கு வடக்கே, கடலை ஒட்டி இருந்தது. ஆவரேந்தலிலிருந்து கிழக்கே நடக்க வேண்டும். விடியும்போது நடந்தால் முகத்துக்கு நேராகச் சூரியன் எழும்பும். சாயங்காலம் திரும்பும்போதும் முகத்துக்கு நேராகவே விழும். போகும்போதும் வெயில், வரும்போதும் வெயில். நடுவில் உப்பு.

அங்கே வேலை இப்படி. பாத்தியில் விளைந்த உப்பை ஆண்கள் பலகை போட்டு இழுத்து வரப்பில் குவிப்பார்கள். பெண்கள் அதைக் கடகப்பெட்டியில் அள்ளித் தலைக்கு ஏற்றி, ரோட்டோரத்து மேட்டில் இருக்கும் அம்பாரத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். பெட்டிக்கு முப்பது பைசா. அம்பாரத்துக்குப் பக்கத்தில் ஓலைக்கொட்டகை போட்டு மேஸ்திரி உட்கார்ந்திருப்பார். கொட்டுகிறவள் தன் பேரைச் சொல்லிவிட்டுக் கொட்டுவாள். அந்தப் பேருக்கு நேராக அவர் ஒரு கோடு போடுவார்.

ஈர உப்பு கல்லாகக் கனக்கும். பெட்டி நிறைந்துவிட்டால் அதைத் தன் தலைக்குத் தானே ஏற்றிக்கொள்ள எந்தப் பெண்ணாலும் முடியாது. பக்கத்தில் இருப்பவள் குனிந்து அந்தப் பக்கம் பிடிக்க வேண்டும். இருவருமாக ஒரே மூச்சில் தூக்க வேண்டும். தூக்கிவிடுவது என்று அதற்குப் பேர். அதற்குக் கூலி கிடையாது, கோடும் கிடையாது. முன்னால் போகிறவளுக்கு நான் தூக்கிவிட்டால், பின்னால் வருகிறவள் எனக்குத் தூக்கிவிடுவாள். கடைசியாக நிற்பவளுக்கு, கொட்டிவிட்டுத் திரும்புகிற முதல் ஆள் வந்து தூக்கிவிடுவாள். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கை தானாக வரும்.

அங்கே இருபது பெண்கள். பூமயிலைத் தவிர எல்லோரும் கடலோரத்து ஒரே ஊர்க்காரிகள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் வெள்ளையம்மாள். ஐம்பதைத் தொடும் வயசு, வெற்றிலை போட்ட வாய், யாரையும் "தங்கம்" என்றே கூப்பிடுவாள். அவள் மகள் முத்தழகும் அங்கேதான் சுமந்தாள். கல்யாணமாகி இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவதாகத் தரித்திருந்தது.

பூமயில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரத்தில் அது நடந்தது. முத்தழகு மசக்கையில் எழுந்திருக்க முடியாமல் வீட்டில் கிடந்தாள். அளத்தில் ஒருத்திக்கு முடியவில்லை என்றால் மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று பெட்டி அவள் பேரைச் சொல்லிக் கொட்டுவது அங்கே வழக்கம். மேஸ்திரி அரைத் தூக்கத்தில் கோடு போட்டுவிடுவார். கூலி வீடு தேடிப் போய்ச் சேரும். கடலைவிட்டு உள்ளே தள்ளியிருந்த ஊர்க்காரியான பூமயிலுக்கு இது தெரியாது. யாரும் சொல்லியிருக்கவும் இல்லை.

அன்றைக்கென்று மேஸ்திரி முழித்துக்கொண்டிருந்தார்.

"முத்தழகு, முத்தழகுன்னு பேரு மட்டும் விழுகுது. ஆளு எங்கன?"

அந்த நேரம் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தவள் பூமயில்தான். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள்.

"அவுக இன்னைக்கு வரலைங்களேய்யா."

முத்தழகு பேரில் இருந்த கோடுகள் அத்தனையும் அடிபட்டன. அவளும் முன்பணம் வாங்கியவள். மறுநாள் வாந்தி எடுத்துக்கொண்டே வேலைக்கு வந்தாள்.

பூமயிலுக்கு விசயம் அப்போதுதான் புரிந்தது. வெள்ளையம்மாளிடம் ஓடினாள்.

"யக்கா, சத்தியமாத் தெரியாதுக்கா. இனிமே நானும் அவ பேருக்கு ரெண்டு பெட்டி சொமக்குறேன்."

வெள்ளையம்மாள் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள். "அட போடி தங்கம், ஒனக்கென்ன தெரியும்? உள்ளதைத்தானே சொன்னே. நீ சொமக்க வேணாம்டி. எங்களுக்குக் கணக்குத் தெரியாது, ஒனக்குத்தான் தெரியும். பெறகு தப்பாயிரப் போகுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பூமயிலும் சிரித்தாள். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து அவளுக்குக் "கணக்குப்புள்ள" என்று பேர். "ஏய், கணக்குப்புள்ள வந்துட்டாக. எல்லாரும் ஒழுங்கா நில்லுங்கடி" என்று ஒருத்தி சொல்வாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். கேலிதானே என்று அவளும் சேர்ந்து சிரித்தாள். மத்தியானம் உடைமர நிழலில் வட்டமாக உட்கார்ந்து கஞ்சி குடிப்பார்கள். இவள் தூக்குச்சட்டியோடு போய் நின்றால் யாரும் போகச் சொல்வதில்லை. யாரும் நகர்ந்து இடம் விடுவதும் இல்லை. சுட்ட கருவாடு கைமாறிக் கைமாறி வரும். இவள் பக்கத்து ஆளோடு தீர்ந்துவிடும். "அடடா, ஒனக்கு இல்லாமப் போச்சே" என்பார்கள். ஒருநாள் சாயங்காலம், "நாளைக்கு வேலை இல்லையாம்" என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டு இவள் வீட்டில் இருந்துவிட்டாள். அடுத்த நாள் போனபோது, "அது எங்க ஊரு சினிமாக் கொட்டகையில வேலை பாக்குறவனுக்கு வேலை இல்லைன்னு பேசுனோம்டி. நீயா வராம இருந்துக்கிட்டியாக்கும்?" என்றார்கள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். தூக்கிவிடாததைத்தான் பொறுக்க முடியவில்லை.

பெட்டியை நிரப்பிவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். "யக்கா, ஒரு கை." "இந்தா வாரேன் தங்கம்." அவள் வேறொருத்திக்குத் தூக்கிவிடப் போவாள். "ஏ தாயி, நீயாவது." "இந்தா வாரேன்க்கா, இவளுக்கு ஏத்திட்டு." அவளும் ஏற்றிவிட்டுத் தன் பெட்டியோடு போய்விடுவாள். எல்லாப் பெட்டியும் போன பிறகு யாராவது ஒருத்தி, "அடி, நீ இன்னும் நிக்கிறியா?" என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டு வந்து கைகொடுப்பாள். மற்றவர்கள் மூன்று நடை போனால் இவள் இரண்டு நடை. சனிக்கிழமை கூலி எண்ணும்போது அது தெரியும். கூலி குறைந்தாலும் பிடித்தம் முப்பது ரூபாய் குறையாது.

நமக்குத்தான் அளத்து வேலை பழகவில்லை, நாம்தான் மெதுவு என்று பூமயில் நினைத்தாள். வேகமாக அள்ளிப் பார்த்தாள். வேகமாக அள்ளினால் வேகமாக நிரம்பியது. கூடுதல் நேரம் நின்றாள். அவ்வளவுதான் வித்தியாசம். அரைப்பெட்டியாக அள்ளித் தானே தூக்கிக்கொண்டு போனாள். மேஸ்திரி கோடு போட மறுத்துவிட்டார். "பொல்லாதவளா இருக்கியே. அரைக்கு முழுசு கேக்குறியா?"

இத்தனைக்கும் முத்தழகுக்கு எல்லோருமாக அரைப்பெட்டிதான் நிரப்பி அனுப்பினார்கள். அதை மேஸ்திரி கண்டும் காணாமல் விட்டார். பூமயிலும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை திறந்ததே போதும் என்றிருந்தது.

சாலிஹாதான் முதலில் அதை வாய்விட்டுச் சொன்னாள். தேவிபட்டினத்திலிருந்து வடையும் வெல்லக் காப்பியும் கொண்டுவந்து அளத்து ரோட்டில் விற்கிறவள். ரோட்டு மேட்டில் உட்கார்ந்தால் அளம் முழுக்கத் தெரியும். ஒருநாள் காப்பி ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏ புள்ள, தப்பா நெனைக்காத. ஒனக்கும் அவுகளுக்கும் என்ன?"

"ஒண்ணுமில்லையே, ராத்தா."

"ஒண்ணுமில்லாமயா ஒன்னைய மட்டும் நட்டுவச்சுட்டுப் போறாளுக? நானும் பங்குனியிலேர்ந்து பாக்குறேன். வெள்ளாமைக் காட்டுல பொம்மை நிக்கிற மாதிரி நிக்கிறே."

"வேலை மும்முரத்துல மறந்துருவாக, ராத்தா."

"இருபது பேருல ஒருத்திய மட்டும் தெனமும் மறக்குறதுன்னா அதுக்கு நல்லா ஞாபகம் வேணும் புள்ள. யாஅல்லா, அவளுக கண்ணைப் பாரு. ஒன் பெட்டி நெறையுற வரைக்கும் ஒன்னையவே பாக்குறாளுக. நெறைஞ்சதும் திரும்பிக்கிறாளுக."

பூமயில் காப்பியைக் குடித்து முடிக்கவில்லை. அன்று மத்தியானம் பெட்டியை நிரப்பும்போது தலை நிமிராமல் கண்ணை மட்டும் ஓட்டினாள். சாலிஹா சொன்னது உண்மை. கடைசிக் கை உப்பு விழுந்ததும் நாலைந்து தலைகள் ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பின. காற்று திரும்பினால் கொக்குக் கூட்டம் திரும்புமே, அப்படி. உப்பு வெள்ளையில் கண் கூசியது. நின்ற இடத்தில் கால் வெடிப்பெல்லாம் எரிந்தது. இதுவரை எரிந்தது தெரியாதவள் மாதிரி அன்றைக்குத்தான் காலைப் பார்த்தாள்.

வீட்டில் முனியசாமி கட்டிலில் கிடந்தபடி கேப்பைக் கூழில் மிளகாயைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"தூக்கிவிடலைன்னா கேட்டு வாங்க வேண்டியதுதானே?"

"கேட்டா வாரேங்குறாளுக."

"பெறகென்ன?"

"வர மாட்டேங்குறாளுக."

"வைஞ்சாளுகளா?"

"தங்கம்னு கூப்பிடுறாளுக."

முனியசாமிக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். "வேலையை விட்டுருன்னு சொல்லத்தான் ஆசையா இருக்கு புள்ள. என் காலு ஒன்னையக் கொண்டுபோயி அங்கன கட்டிப் போட்டிருச்சு. மேஸ்திரிகிட்டச் சொல்லு."

சொன்னாள். கொட்டகையில் அவர் மட்டும் இருந்த நேரம் பார்த்துப் போனாள்.

"எவ தூக்கிவிட மாட்டேன்னா? பேரைச் சொல்லு."

"மாட்டேன்னு யாரும் சொல்லலைங்கய்யா."

"பெறகு?"

"வாரேன்னுதான் சொல்லுறாக. வரத்தான் நேரமாகுது."

பொன்னுச்சாமி விசிறியை நிறுத்தினார். "வாரேன்னு சொன்னவள நான் எப்படிக் கேக்க முடியும்? அடிச்சாளா, வைஞ்சாளா, ஒன் பெட்டியைக் களவாண்டாளா? ஏதாவது ஒண்ணு சொல்லு, தொலைச்சுக் கட்டுறேன். ஒண்ணுமே இல்லாததுக்குப் பிராது கொண்டாந்தா? பொம்பளைக விவகாரம் தாயி. சிரிச்சுப் பேசிச் சரிக்கட்டிக்க."

என்ன நினைத்தாரோ, எழுந்து கொட்டகை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினார். "ஏய், பூமயிலுக்குத் தூக்கிவிடுங்கடி! பிராது வருது!"

அடுத்த பெட்டி நிறைந்ததும் ஆறு பேர் ஓடிவந்தார்கள். "வாங்கடி, வாங்கடி, கணக்குப்புள்ளைக்குக் காத்திருந்து கால் வலிக்குதாம்." "மெதுவாப் புடிங்கடி, பிராது போயிரும்." ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். பெட்டி அவள் தலைக்கு மேலே சாய்ந்தது. ஈர உப்பு கழுத்து வழியாக முதுகுக்குள் இறங்கியது, கண்ணில் விழுந்தது. "அய்யய்யோ" என்று எல்லோரும் பதறினார்கள். வெள்ளையம்மாள் தன் முந்தானையாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். "ஆளு அதிகமாயிருச்சுடி தங்கம். ஒருத்தி வந்தாலும் குத்தம், ஆறு பேரு வந்தாலும் குத்தம். நாங்க என்னதான் செய்ய?" அந்த முந்தானையிலும் உப்பு இருந்தது.

வெள்ளிக்கிழமை வரைக்கும் பூமயிலின் கண் சிவந்திருந்தது. சனிக்கிழமை கூலி எண்ணும்போது மேஸ்திரி, "இந்த வாரமும் ஒனக்குத்தான் கம்மி" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்தவள் கூழ் கரைக்காமல் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முனியசாமி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். பிறகு சொன்னான்.

"நம்ம கம்மாக்கரையில வெறகுக்கட்டை எப்படி எறக்கி ஏத்துவே? அங்கன எவ தூக்கிவிடுறா?"

"சுமைதாங்கிக் கல்லுல எறக்குவேன். குனிஞ்சு தலையைக் கொடுத்து ஏத்திக்கிருவேன்."

"அது மாதிரி ஒண்ணு அங்கன நட்டா? பெட்டியை மேல வச்சு, அங்கனயே அள்ளி நெறைச்சு, அடியில தலையைக் கொடுத்தா எந்திரிச்சுறலாம்ல?"

பூமயில் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "என்ன பேச்சு இது? வயித்துப்புள்ளையோட செத்தவளுக்கு வைக்கிறது சுமைதாங்கி. நம்ம ஊருக் கல்லே அப்படிச் செத்த ஒருத்திக்கு வச்சதுதானே."

"கல்லுல வச்சு, பேரு வெட்டிப் பூசை போட்டாத்தான் அது சுமைதாங்கி. பனங்கட்டை ரெண்டை ஊண்டி, குறுக்க ஒரு கட்டை போட்டா அதுக்குப் பேரு பரணு. ஆட்டுக்குட்டி கட்டுற மொளைக்கும் செத்தவளுக்கும் என்ன சம்பந்தம்?"

ஆட்டுக் கொட்டிலில் கிடந்த கட்டைகளை அவனே உட்கார்ந்தபடி செதுக்கிக் கொடுத்தான். காலொடிந்த பிறகு அவன் கை பிடித்த முதல் வேலை அது. பூமயில் நாளுக்கு ஒன்றாகத் தலையில் வைத்துக் கொண்டுபோனாள். மற்றவர்கள் வருவதற்கு முன்னால், வரப்பின் கோடியில் குழி தோண்டி ஊன்றினாள்.

பெண்கள் வந்து பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. "கணக்குப்புள்ளைக்கு ஆசாரி வேலையும் தெரியும் போல" என்று மட்டும் வெள்ளையம்மாள் சொன்னாள். பூமயில் குறுக்குக்கட்டை மேல் பெட்டியை வைத்தாள், நிரப்பினாள், குனிந்து தலையைக் கொடுத்தாள், எழுந்தாள். யாரையும் கூப்பிடவில்லை. அன்றைக்கு மற்றவர்கள் போட்ட நடையையெல்லாம் அவளும் போட்டாள். சாலிஹா மேட்டிலிருந்து பார்த்துவிட்டுக் காசு வாங்காமல் ஒரு வடையைக் கொடுத்தாள்.

பாதி நிம்மதிதான். யாரும் தூக்கிவிட வேண்டியதில்லை என்று ஆன பிறகு "இந்தா வாரேன்" என்ற சொல்லும் நின்றுபோனது. நாள் முழுக்க ஒரு வார்த்தை அவள் காதுக்கென்று வருவதில்லை. பெட்டியோடு போய்ப் பெட்டியோடு வந்தாள். பாக்கி மட்டும் வாரம் முப்பதாகக் குறைந்துகொண்டு வந்தது. இன்னும் ஒரு வருசத்துக்கு மேல் இப்படியே போகும் என்று தெரிந்திருந்தது.

ஆடி மாதத்தில் ஒருநாள், கோடியில் யாருமில்லாத நேரம் பார்த்து முத்தழகு வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. தலையில் அரைப்பெட்டி.

"யக்கா, இதுல சித்த எறக்கி வச்சுக்கிறட்டா? இடுப்பு விட்டுப் போகுது. நடுவழியில எறக்குனா, ஏத்திவிட ஆளைத் தேடணும். எங்க ஆத்தாகிட்டச் சொல்லிராதீக."

பூமயில் ஒரு நொடி தயங்கினாள். கண்மாய்க்கரைக் கல் மனதில் வந்துபோனது. பனங்கட்டைதானே என்று முனியசாமி சொன்னதும் கூடவே வந்தது. கட்டையைவிட அந்தப் பெண்ணின் வெளுத்த உதடுதான் பெரிதாகத் தெரிந்தது.

"வையி தாயி" என்றாள்.

அதற்குப் பிறகு ஆத்தா அம்பாரத்துப் பக்கம் போகும்போதெல்லாம் முத்தழகு வந்து இறக்கி வைத்துக்கொண்டு மூச்சு வாங்கிவிட்டுப் போனாள். அந்த அளத்தில் பூமயிலைப் பார்த்துக் கண்ணால் சிரித்த ஒரே ஆள் அவள்தான்.

ஆவணி கடைசியில், பாத்தி நிறைய உப்பு குவிந்து கிடந்த ஒரு மத்தியானம், மேற்கே மதுரைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் வரப்பில் கிடக்கிற உப்பெல்லாம் தண்ணீர். மேஸ்திரி கொட்டகையை விட்டு வெளியே வந்து, "ஓடுங்கடி, ஓடுங்கடி" என்று கத்திக்கொண்டிருந்தார். எல்லோரும் ஓடினார்கள். யாருக்கும் யாரையும் பார்க்க நேரமில்லை. முத்தழகுக்கு அன்றைக்கு முழுப்பெட்டியாக ஏற்றிவிட்டார்கள். பாதி தூரத்தில் அவளுக்குக் கால் பின்னியது. நேராகப் பனங்கட்டைக்குப் போய் இறக்கி வைத்துவிட்டு அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அடியே, அதுல வைக்காதடீ!"

வெள்ளையம்மாள் போட்ட சத்தத்தில் அளமே நின்றது. தன் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து மகளைப் பிடித்து இழுத்தாள். பிறகு பூமயில் பக்கம் திரும்பினாள்.

"எவளுக்குடி சுமைதாங்கி நட்டே? எவ வயித்தோட போகணும்னு நட்டே? ரெண்டு போயி, ஒத்தப்புள்ள தங்கியிருக்கு எம்மகளுக்கு. அதுக்காடி நட்டே?"

தங்கம் என்று சொல்லாமல் வெள்ளையம்மாள் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. அத்தனை நாளும் பரணாகக் கிடந்த கட்டைக்கு, ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரி கை பட்டதும் பேர் வந்துவிட்டது. பெண்கள் பின்வாங்கினார்கள். ஒருத்தி எச்சிலைத் துப்பினாள். பூமயில் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது.

உங்கள் மகள்தான் கேட்டாள், ஆடியிலிருந்து இதில்தான் இறக்குகிறாள் என்று சொல்லிவிடலாம். முத்தழகைப் பார்த்தாள். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கால் கட்டைவிரல் உப்பைக் கீறிக்கொண்டிருந்தது. பூமயில் சொல்லவில்லை.

மேஸ்திரி ஓடிவந்தார். "என்னடி இது? மேகம் தலைக்கு மேல நிக்குது. சண்டையை நாளைக்கு வச்சுக்கங்க. பெட்டியை எடுங்க."

"எடுக்க மாட்டோம். இவ இங்கன இருக்க வரைக்கும் ஒரு பெட்டி எடுக்க மாட்டோம்."

"வெள்ளையம்மா, இவ முன்பணக்காரி. ஆயிரத்துத் தொள்ளாயிரம் பாக்கி நிக்குது. நீ போகச் சொன்னா அதை யாரு கட்டுறது?"

"எங்க கூலியில புடிச்சுக்கங்க."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "யக்கா..." என்று ஒருத்தி இழுத்தாள். வெள்ளையம்மாள் திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டாள்.

"பத்தொம்பது பேரு இருக்கோம். ஆளுக்கு நூறு. வாரம் அஞ்சு அஞ்சாப் புடிச்சுக்கங்க. இவ தொலைஞ்சாப் போதும்."

மேஸ்திரி மேகத்தைப் பார்த்தார், குவிந்து கிடந்த உப்பைப் பார்த்தார். "ஆமாடி, சரிதானேடி?" என்று மற்றவர்களைக் கேட்டார். தலைகள் ஆடின. அவர் பூமயிலிடம் வந்தார்.

"கேட்டேல்ல? ஒனக்கு நல்ல நேரம். வெள்ளையம்மா கால்ல விழுந்து, செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வீட்டுக்குப் போ. கடன் தீந்துச்சு."

பூமயிலுக்கு முழங்கால் மடங்கத்தான் பார்த்தது. ஒரு தடவை விழுந்து எழுந்தால் போதும். அந்த மாசி மாதத்து நாளிலிருந்து கழுத்தில் கிடந்த கயிறு அறுந்துவிடும். அவள் வெள்ளையம்மாளின் காலைப் பார்த்தாள். தன் காலைப் போலவே வெடித்த கால். பிறகு நிமிர்ந்தாள்.

"இந்தக் கட்டையைப் புடுங்கிருறேன்யா. வயித்துப்புள்ளக்காரி கண்ணுக்கு முன்னால இது நிக்க வேணாம். அது ஞாயம். ஆனா தப்பு செஞ்சேன்னு சொல்ல மாட்டேன். யாருக்கும் கெடுதல் நெனச்சு நடலை. எனக்குத் தூக்கிவிட ஆளில்ல, அதான் நட்டேன். இவுக யாரும் என்னைய அடிக்கலை, வையலை. நீங்க கேட்டப்ப எனக்குச் சொல்லத் தெரியலை, இப்பச் சொல்லுறேன். 'இந்தா வாரேன்'னு சொன்னாக. பங்குனியிலேர்ந்து அந்த 'இந்தா வாரேன்'லதான் நின்னுக்கிட்டிருந்தேன். நான் நின்ன வெயிலு அவுகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

காற்றில் ஓலைக்கொட்டகை படபடத்தது.

"முத்தழகு விசயத்துல தெரியாமச் சொன்னேன். புரிஞ்சதுமே ஓடிவந்து சொன்னேன். அதுக்கு என்னைய ரெண்டு அடி அடிச்சிருக்கலாம்க்கா, வாங்கிக்கிட்டிருப்பேன். பாக்கியைக் கட்டுறோம்னு நீங்களாத்தான் சொன்னீக. கட்டுங்க. நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். அது நீங்க போடுற பிச்சையில்ல. நான் நின்ன நேரத்துக்குக் கூலி."

வெள்ளையம்மாள் மகளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். முதல் தூறல் விழுந்தது.

"எடுங்கடி பெட்டியை!" என்று மேஸ்திரி கத்தினார். "போ, போ, கணக்கு தீந்துச்சு."

"எனக்கு மட்டும் சொன்னாப் பத்தாதுங்கய்யா. எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, காற்றுக்கு எதிராகக் கத்தினார். "ஆவரேந்தல் பூமயிலு இந்த அளத்துக்கு ஒத்தப் பைசா தர வேண்டியதில்ல! போதுமா?"

பெண்கள் பெட்டிகளை நோக்கி ஓடினார்கள். பூமயில் தனியாகக் கட்டைகளை அசைத்து அசைத்துப் பிடுங்கினாள். நனைந்த மண் சீக்கிரம் விட்டுக்கொடுத்தது. மூன்றையும் சேர்த்துக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டில் ஏறினாள். மழையில் நடந்தபோது முதலில் அழுகைதான் வந்தது. நாளைக்கு உலைக்கு என்ன செய்வது என்ற யோசனை அதற்குப் பிறகு வந்தது.

அதற்கப்புறம் அவள் ஊரை ஒட்டிக் கருவேலங்காடு வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களிடம் வேலைக்குப் போனாள். முன்பணம் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டாள். அன்றாடக் கூலியை அன்றன்றைக்கு வாங்கினாள். சில நாள் அடுப்பு எரியவில்லை. முள் குத்திய கையோடு வந்தாள். முனியசாமி கம்பை ஊன்றி நடக்க ஆரம்பித்து, கரி மூட்டை தைக்கப் போனான்.

தேவிபட்டினத்துச் சந்தைக்குப் போகும்போது சாலிஹாவைப் பார்ப்பாள். முத்தழகுக்கு ஐப்பசியில் பெண் பிறந்து தாயும் பிள்ளையும் சுகம் என்பதைச் சாலிஹாதான் சொன்னாள். பூமயில் நின்ற இடத்திலேயே கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். தை பிறந்து அளம் மறுபடி திறந்தபோது சாலிஹா சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள்.

"சனிக்கெழமை கூலி எண்ணும்போது பாக்கணும் புள்ள. ஒவ்வொருத்திகிட்டயும் 'பூமயிலுக்கு அஞ்சு'ன்னு சொல்லித்தான் மேஸ்திரி எடுத்துவைக்கிறாரு. பத்தொம்பது தடவை ஒம் பேரு விழுகுது. வெள்ளையம்மா காதைப் பொத்தாத கொறைதான். நீ இருந்தப்பகூட ஒம் பேரை அங்கன யாரும் இத்தனை தடவை சொன்னதில்ல."

வைகாசிக் கடைசியில், வெட்டிய முள்ளைக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கே சாலிஹா வந்துவிட்டாள். கூடையை இறக்கி வைத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"நேத்தோட முடிஞ்சிருச்சு புள்ள. 'பூமயிலுக்கு இனிமே இல்ல'ன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. மொத்தமும் கட்டிட்டாளுக."

பூமயில் அரிவாளைக் கட்டின்மேல் வைத்தாள்.

"நான் நின்னதுக்கு அது காணாது, ராத்தா" என்றாள். "போகுது. மிச்சத்தை நான் கழிச்சுட்டேன்னு சொல்லிரு."